அடிக்காத வரிசை சொல்லும் உண்மை: தக்காளிப் புழுவும் மருந்துச் சோதனையும்

“என்னா அண்ணே, முந்தாநாள்தானே மருந்து அடிச்சோம்? இன்னிக்குப் பார்த்தா புழு காய்க்குள்ள ஜம்முன்னு உட்கார்ந்திருக்கே!”

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களில் இந்தப் பேச்சைப் பேசாதவர்கள், கேட்காதவர்கள் குறைவு. தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், கம்போங் ராஜா என்று எந்தப் பக்கம் போனாலும் இதே புலம்பல்தான். அதற்குத் தவுக்கே சொல்லும் பதிலும் நமக்குப் பழக்கமானதே. “இன்னும் ஒரு மூடி கூட ஊத்து. அந்த இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கலக்கு.”

கூட ஊற்றும் மருந்துக்குக் காசு கொடுப்பவர் தவுக்கே. அந்த மருந்தை மூச்சில் வாங்குவதும், முதுகில் சுமப்பதும், சட்டையோடு வீட்டுக்குக் கொண்டு வருவதும் நாம். ஆகவே, “இந்த மருந்து நிஜமாகவே வேலை செய்யுதா?” என்ற கேள்வி முதலாளிக்கு மட்டும் உரியதல்ல. முதலில் அது நமக்கு உரிய கேள்வி.

பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் இருக்கும் தோழர்களே, “நமக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லயத்து வீட்டுக் கொல்லையில் நாலு தக்காளிச் செடி வைக்காத குடும்பம் எது? தீம்பாரில் பம்பு தூக்காத தோட்டம்தான் எது? மருந்தைச் சோதித்துப் பார்க்கும் முறை எல்லாப் பயிருக்கும் ஒன்றுதான்.

எதிரி யார்?

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் புழுவை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காளியில் ‘புழு’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே புழு அல்ல.

முதலாவது காய்ப்புழு. இதன் தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து, பூக்களுக்குப் பக்கத்து இளம் இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வைக்கும். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடும். சில நாட்களில் பொரிக்கும் குஞ்சுப் புழு, கொஞ்சம் இலையையும் பூவையும் கடித்துவிட்டுக் காய்க்குள் தலையை நுழைக்கும். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. ஒரே காயோடு நிற்காமல், ஒன்றைத் துளைத்துக் கெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று பல நிறத்தில் இருப்பதால் பலர் இதை வேறு வேறு புழு என்று நினைத்துவிடுகிறார்கள். மக்காச்சோளம், மிளகாய், பருத்தி, துவரை என்று எதையும் இது விட்டுவைக்காது.

இரண்டாவது, மலாய்க்காரர்கள் ‘உலாட் ராத்துஸ்’ என்று சொல்லும் கூட்டுப்புழு. இதன் முட்டைகள் இலையில் கும்பலாக இருக்கும். மேலே பழுப்பு நிறப் பஞ்சு மூடியிருக்கும். பொரித்ததும் நூற்றுக்கணக்கில் ஒரே இலையைச் சுரண்டித் தின்னும். வளர்ந்த பிறகு பகலில் மண்ணில் ஒளிந்துகொண்டு, இரவில் மேய வரும்.

மூன்றாவது, முதுகை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழு. இது பெரும்பாலும் இலையைத்தான் தின்னும். இலையில் நாலு ஓட்டை விழுந்தால் காய் குறைந்துவிடாது. ஆனால் ஓட்டையைக் கண்டவுடன் பம்பைத் தூக்குவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. காய்க்குள் நுழைந்துவிட்ட புழுவின் மேல் மருந்து படாது. முட்டை பொரிந்து, காய்க்குள் போவதற்கு முன் இருக்கும் சில நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். அதைத் தவறவிட்டுப் பிறகு இரண்டு மடங்கு ஊற்றினாலும், வீட்டுக்குள் புகுந்த திருடனுக்காக வாசலில் காவல் போட்ட கதைதான்.

கூட ஊற்றினால் என்ன ஆகும்?

ஒரு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, அதைத் தாங்கும் தன்மை இயற்கையிலேயே உள்ள ஒன்றிரண்டு புழு பிழைத்துக்கொள்கிறது. சாகிறவை செத்துப்போக, பிழைத்தவை குட்டி போடுகின்றன. சில தலைமுறையில் தோட்டம் முழுக்க அந்த வம்சமே நிற்கும். மருந்து அதே மருந்துதான், புழுதான் மாறிவிட்டது.

இது ஏட்டுக் கதை அல்ல. நமக்குப் பக்கத்து நாடான இந்தோனேசியாவில், ஜாவாவின் லெம்பாங் மலைப்பகுதியில், முட்டைக்கோசுப் புழுவை டி.டி.டி. கொல்ல முடியவில்லை என்பது 1950களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. தக்காளியைத் துளைக்கும் அதே காய்ப்புழு ஆஸ்திரேலியாவில் செய்த காரியம் இன்னும் பெரியது. அந்நாட்டின் வடமேற்கே ஓர்ட் ஆற்றுப் பாசனத்தில் பருத்தி பயிரிட்டார்கள். புழு டி.டி.டி.க்கு அடங்கவில்லை. மருந்தை மேலும் மேலும் அடித்தார்கள். கடைசியில் கட்டுப்படியாகாமல் 1974ல் பருத்தி விவசாயத்தையே அங்கே கைவிட்டார்கள். அணை இருந்தது, தண்ணீர் இருந்தது, நிலம் இருந்தது. புழு ஜெயித்தது.

இன்னொரு கேடும் உண்டு. அதை நம் நாட்டுத் தோட்டங்களே உலகுக்குக் காட்டின. சபாவில் தாவாவ் பக்கத்தில் குவாய்ன் ஹில் என்ற இடத்தில் கொக்கோ பயிரிட்டிருந்தார்கள். டி.டி.டி. போன்ற கடும் மருந்துகளை அடிக்க அடிக்கப் புழுக்களும் கூடுப்பூச்சிகளும் பெருகிக்கொண்டே போயின. 1961ல் அங்கே வேலைக்கு வந்த கோர்டன் கான்வே என்ற பூச்சியியலாளர், மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நிறுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் புழுக்களைத் தின்னும் குளவிகள் திரும்பி வந்தன. பெரும்பாலான புழுக்கள் அடங்கிவிட்டன. அடங்காத கூடுப்பூச்சிக்கு மட்டும், குளவிகளை அதிகம் கெடுக்காத ஒரு மருந்தைத் தேர்ந்து அடித்தார்கள். தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், நாம் ‘உலாட் புங்குஸ்’ என்று அறிந்த பூச்சியின் படையெடுப்புக்கு இதே காரணம் என்று 1960களில் பிரையன் வூட் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஆரம்பத்திலேயே நஞ்சாக இருப்பது அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை என்பது என்ன?

“புது மருந்து வந்திருக்கு, அடிச்சுப் பார்த்தேன், சுத்தமாப் போச்சு” என்று ஒருவர் சொன்னால் அது சோதனை ஆகாது. ஏன்? அன்று இரவு கனமழை பெய்து புழுக்களை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். குளவி வந்திருக்கலாம். புழு முழு வளர்ச்சி அடைந்து, கூடு கட்ட மண்ணுக்குள் இறங்கியிருக்கலாம். புழுவுக்கே நோய் வந்திருக்கலாம். இத்தனையும் தானாக நடந்திருக்க, பெயரை மருந்து தட்டிக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் முறையான சோதனையில் மருந்தே அடிக்காத பாத்தி ஒன்று கட்டாயம் இருக்கும். பார்க்கப்போனால், அந்த வெறும் பாத்திதான் சோதனைக்கு உயிர். நீதிமன்றத்தில் சாட்சி எப்படியோ, வயலில் அடிக்காத வரிசை அப்படி.

சோதனையை இப்படி நடத்துவார்கள். மூன்று மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மருந்துக்கு மூன்று பாத்தி, அடிக்காத பாத்தி ஒன்று, ஆக நான்கு. இந்த நான்கும் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒரே ஒரு தொகுதி போதாது. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, காட்டோரம் ஒன்று, ரோட்டோரம் ஒன்று என்று நான்கு தொகுதியாவது வைப்பார்கள். ஏனென்றால் காட்டோரத்தில் பூச்சி அதிகம் வரலாம். மேட்டில் செடி வாடலாம். ஒரு மருந்து நல்ல இடத்தில் மட்டும் விழுந்துவிட்டால் தீர்ப்பு கோணலாகிவிடும்.

எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதை ஆள் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் வேலை பார்த்த ஆர். ஏ. ஃபிஷர் என்ற கணித மேதை வகுத்துத் தந்த வழி இது. நம் பெண்கள் சீட்டுப் பிடிக்கும்போது துண்டுக் காகிதத்தைக் குலுக்கி எடுக்கிறார்களே, அந்த நியாயம்தான் இதிலும் இருக்கிறது.

பிறகு எல்லாப் பாத்திக்கும் ஒரே நாற்று, ஒரே உரம், ஒரே பம்பு, ஒரே முனை, ஒரே அளவு தண்ணீர். பக்கத்துப் பாத்தி மருந்து காற்றில் பறந்து வந்து கலக்காமல் இருக்க, நடுவில் ஒரு வரிசை காவலுக்கு விடுவார்கள். அந்தக் காவல் வரிசையிலும் பாத்தியின் ஓரச் செடியிலும் எண்ண மாட்டார்கள்.

மருந்தடிப்பதற்கு முன் ஒரு தடவை புழுவை எண்ணுவார்கள். அடித்த மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று திரும்ப எண்ணுவார்கள். காய் பறிக்கும் ஒவ்வொரு தடவையும், நல்ல காய் தனியாக, புழு துளைத்த காய் தனியாகப் பிரித்து எண்ணி எடை போடுவார்கள். புழு எத்தனை செத்தது என்பதைவிட, விற்கக்கூடிய காய் எத்தனை கிலோ என்பதுதான் கடைசித் தீர்ப்பு.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். எண்கள் விளக்கத்துக்காக நாம் போட்டவை.

மருந்தடித்த பாத்தியில் முதலில் 50 புழு இருந்தது. ஒரு வாரத்துக்குப் பின் 20. “100க்கு 60 செத்துப் போச்சு, பார்த்தீங்களா!” என்பார் மருந்துக் கடைக்காரர். ஆனால் அடிக்காத பாத்தியிலும் முதலில் 50 புழு இருந்து, மழையாலும் குளவியாலும் அது 25 ஆகக் குறைந்திருக்கிறது. அப்படியானால் மருந்து செய்த வேலை என்ன? 25 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருக்கிறது. குறைந்தது வெறும் 5. அதாவது 25க்கு 5, 100க்கு 20தான். மீதிப் புகழ் மழைக்கும் குளவிக்கும் உரியது.

இந்தக் கணக்கை 1925ல் ஆபட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் எழுதி வைத்தார். இன்றுவரை உலகம் முழுவதும் பூச்சி மருந்துச் சோதனைகளில் இது பயன்படுகிறது. அடிக்காத வரிசை இல்லாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. அந்த 60 என்ற பொய்யை நம்பித்தான் நாம் அடுத்த வாரமும் பம்பைத் தூக்கியிருப்போம்.

எண்ணும் கைக்கு மரியாதை

இந்தச் சோதனைகளில் மருந்தை அளப்பவர் அதிகாரியாக இருக்கலாம். ஆனால் செடி செடியாகக் குனிந்து இலையைப் புரட்டிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் தொழிலாளர் கையில்தான் இருக்கும். அந்தக் கை சோம்பினால், எத்தனை பெரிய விஞ்ஞானியின் கணக்கும் தப்பாகிவிடும்.

எங்கே பார்ப்பது? மேலே கடைசியாகப் பூத்திருக்கும் பூங்கொத்துக்குக் கீழே உள்ள இலையைப் பாருங்கள். காய்ப்புழுவின் முட்டை அங்கேதான் அதிகம் கிடைக்கும். குண்டூசித் தலையைவிடச் சிறியது. புது முட்டை வெண்மையாக இருக்கும். பழுப்பு வளையம் விழுந்தால் பொரிக்கப் போகிறது என்று பொருள். முழுக்கக் கறுத்திருந்தால் சந்தோஷப்படுங்கள். அதற்குள்ளே இருப்பது புழு அல்ல. முட்டைக் குளவியின் குஞ்சு. நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சின்னக் குளவி, சம்பளம் வாங்காமல் நமக்கு வேலை செய்கிறது. கறுத்த முட்டை நிறைய இருக்கும் இடத்தில் கடும் மருந்து அடிப்பது, நம் ஆளையே நாம் அடிப்பது போல.

புழு இருக்கிற செடியாகத் தேடிப் பார்த்து எண்ணக் கூடாது. மண்டோர் சந்தோஷப்படட்டும் என்று புழு இல்லாத செடியாகப் பார்த்தும் எண்ணக் கூடாது. ஐந்து செடிக்கு ஒன்று என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, வந்த செடியைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். முடிந்தால், எந்தப் பாத்தியில் எந்த மருந்து என்பது எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

சோதனைகள் சொன்ன பாடம்

இப்படிப் பல நாட்டு வயல்களில் எண்ணிப் பார்த்து அறிந்த சில உண்மைகள் நமக்கும் உதவும்.

பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று ஒரு பாக்டீரியா. சுருக்கமாக பி.டி. என்பார்கள். 1901ல் ஜப்பானில் இஷிவாத்தா என்பவர், நோயில் செத்த பட்டுப்புழுவில் இதைக் கண்டார். 1911ல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில், மாவுப் பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவர் கண்டு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். 1938ல் பிரான்சில் இது மருந்தாக விற்பனைக்கு வந்தது. புழு இதைத் தின்றால்தான் வேலை செய்யும். தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது. தின்ற புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்திவிடும். ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே போய்ப் பார்த்து, “புழு நெளியுதே, மருந்து ஏமாத்து” என்று தூக்கிப் போட்டவர்கள் பலர். மூன்றாம் நாள் எண்ணியவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது. வெயில் இதைக் கெடுத்துவிடும் என்பதால் சாயங்காலம் அடிப்பது நல்லது. குஞ்சுப் புழுவுக்கு மட்டுமே நன்றாகக் கேட்கும். பெரிய புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது. குளவிக்கும் சிலந்திக்கும் இதனால் கெடுதல் இல்லை.

ஸ்பினோசாட் என்று மற்றொன்று. 1982ல் கரீபியன் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட ரம் சாராய ஆலையின் மண்ணில் எடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. 1997ல் விற்பனைக்கு வந்தது. பிறகு 2007 வாக்கில், புழுவின் தசையை முடக்கும் டயமைட் வகை மருந்துகள் வந்தன. பழைய மருந்துகளைவிட மனிதருக்கு ஆபத்துக் குறைந்தவை. புழுவுக்கு மிகவும் கடுமையானவை. “இனிக் கவலையில்லை” என்று எல்லாரும் அதையே அடித்தார்கள். விளைவு? சில ஆண்டுகளுக்குள் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் முட்டைக்கோசுப் புழு அதையும் தாங்கப் பழகிவிட்டது.

ஆகவே ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. வகை மாற்றி அடிக்க வேண்டும். இதில் ஒரு மோசம் உண்டு. டப்பாவின் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டதாக நாம் நினைக்கிறோம். சிவப்பு டப்பாவிலும் பச்சை டப்பாவிலும் உள்ளே இருப்பது ஒரே சரக்காக இருக்கலாம். லேபலில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலமருந்தின் பெயரைப் பாருங்கள். மூலமருந்துகளை அவை வேலை செய்யும் விதத்தை வைத்து எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த எண் லேபலிலேயே அச்சாகிறது. டயமைட் வகைக்கு 28, ஸ்பினோசாட்டுக்கு 5. எண் ஒன்றாக இருந்தால், பெயர் எதுவானாலும் பழைய மருந்துதான்.

“மருந்தைக் குறைத்தால் மகசூல் போய்விடாதா?” என்று கேட்கலாம். மெக்சிகோ நாட்டின் சினலோவா தக்காளி வட்டாரத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1993ல் வெளியானது. ஒரு பக்கம் வாடிக்கைப்படி கடும் மருந்துகளை அடித்த நிலம். மறுபக்கம் பூச்சியை எண்ணிப் பார்த்து, பி.டி. போன்ற மருந்தும் முட்டைக் குளவியும் பயன்படுத்திய நிலம். செலவு, விற்பனை எல்லாம் கணக்குப் பார்த்தபோது எண்ணிப் பார்த்து அடித்த நிலமே கூடுதல் லாபம் தந்தது.

மருந்தடிக்கும் உடம்பு

மருந்துச் சோதனையில் அடங்காத உயிர் ஒன்று உண்டு. அது பம்பைத் தூக்குகிறவரின் உடம்பு. புழு செத்ததா என்று எண்ணுகிறார்கள். அடித்தவர் கதி என்ன என்று எண்ணுவார் இல்லை.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தைத்தான் விற்கலாம். லேபலில் நிறப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்தது மஞ்சள். பிறகு நீலம், வெள்ளை. எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஆபத்தை அறியலாம். ஆனால் வெள்ளைப் பட்டை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி, பூட்ஸ், முழுக்கைச் சட்டை தருவது முதலாளியின் கடமை. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது நம் கடமை. காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். மருந்துச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்காதீர்கள்.

சில வகை மருந்து உடம்பில் ஏறினால் எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், கண் பார்வை மங்கும், வயிறு முறுக்கும், கை நடுங்கும். “வெயில்ல நின்னது, சரியாப் போயிடும்” என்று படுத்துவிடாதீர்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்தின் லேபலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் எந்த மாற்று மருந்து என்று தீர்மானிக்க முடியும்.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் ஒரு திருத்தம் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். இந்த உரிமையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பெண்கள் காலம் காலமாகத் தெளித்து வந்த பாராகுவாட் களைக்கொல்லி, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடையானது. கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை.

இன்னொன்று, காய் பறிக்கும் கெடு. மருந்தடித்த பின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று லேபலில் இருக்கும். மருந்துக்கு மருந்து இது மாறும். தக்காளியோ காய்க்கத் தொடங்கிவிட்டால் வாரம் இரண்டு தடவையாவது பறிக்கிற பயிர். ஆகவே நீண்ட கெடு உள்ள மருந்தைப் பறிப்புக் காலத்தில் அடிக்கவே கூடாது. இன்று அடித்து நாளை லோரியில் ஏற்றினால், அந்த விஷம் பசாருக்குப் போய் நம் வீட்டு ரசத்துக்கே திரும்பி வரும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு சோதனை

இதை நாமே செய்து பார்க்கலாம். விஷ மருந்து எதுவும் வேண்டாம். தீம்பாரில் மிச்சமான மருந்தை வீட்டுச் செடிக்கு எக்காரணம் கொண்டும் கொண்டு வராதீர்கள்.

பன்னிரண்டு தக்காளிச் செடி இருந்தால் போதும். நாலு நாலாக மூன்று வகை. முதல் வகையில் ஒன்றும் செய்யாதீர்கள், இதுதான் சாட்சி. இரண்டாம் வகையில் வாரம் மூன்று தடவை முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மூன்றாம் வகையில் பி.டி. மருந்தை லேபலில் சொன்ன அளவில், சாயங்காலம் அடியுங்கள். எந்தச் செடி எந்த வகை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, குச்சியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். தேதி, மழை பெய்ததா, எந்தச் செடியில் எத்தனை புழு, நல்ல காய் எத்தனை, சொத்தைக் காய் எத்தனை. இவ்வளவுதான் எழுத வேண்டியது. இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக் கொல்லைக்கு எது தோது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். பன்னிரண்டு செடியை வைத்து நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் யார் என்ன சொன்னாலும் “எங்கே, கணக்கைக் காட்டுங்க” என்று கேட்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும். அது வாழ்நாள் முழுக்க உதவும் சொத்து.

மூன்று கேள்விகள்

புது மருந்து வந்து இறங்கும் நாளில், பிரட்டிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்.

ஒன்று: இது எந்தப் புழுவுக்கு, எந்த வயதுப் புழுவுக்கு?

இரண்டு: அடிக்காத வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எத்தனை இடத்தில்?

மூன்று: அடிக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு? அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும்?

“நீ யாருடா கேட்க?” என்று யாரும் சொன்னால், “இதை முதுகில் சுமக்கிறவன்” என்பதே போதுமான பதில். ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்; தொழிற்சங்கக் கிளையில் சொல்லிக் கேளுங்கள். அடுத்த தடவை மருந்தடிக்கும்போது, “ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டு வைப்போம் தவுக்கே, வித்தியாசம் பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். வேலை செய்யாத மருந்துக்குக் காசைக் கொட்ட அவருக்கும் ஆசை இருக்காது. அந்த வரிசைக்கு ஒரு குச்சியை நட்டு, ஏழு நாள் கழித்துப் போய் இலையைப் புரட்டி எண்ணுங்கள்.